100-க்கு அடுத்த எண் என்ன? மேன்லிஃப்ட் எஞ்சின் சொல்லும் பழுதுக் கணக்கு

மேன்லிஃப்டின் திரையில் ‘எஸ்.பி.என். 100, எஃப்.எம்.ஐ. 1’ என்று வந்தால் எஞ்சினை அந்த நொடியே நிறுத்த வேண்டும். ‘எஸ்.பி.என். 100, எஃப்.எம்.ஐ. 4’ என்று வந்தால் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டத்தைப் பார்த்துவிட்டு மல்டிமீட்டரைக் கையில் எடுக்க வேண்டும். இரண்டிலும் முதல் எண் ஒன்றுதான். 100 என்றால் எஞ்சின் ஆயில் பிரஷர். அடுத்த எண் மாறியதும் பழுதின் இனமே மாறிவிடுகிறது. 1 வந்தால், ஆயில் அழுத்தம் உண்மையிலேயே அபாய அளவுக்கு இறங்கிவிட்டதாக எஞ்சினின் கணினி கணித்திருக்கிறது. 4 வந்தால், அழுத்தத்தை அளக்கும் சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தம் இருக்கவே முடியாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. அப்போது ஆயில் அழுத்தம் எவ்வளவு என்பதே கணினிக்குத் தெரியாது.

இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் வீணாகும் பணமும் நேரமும் கொஞ்சமல்ல. ‘ஆயில் பிரஷர் கோட்’ என்று போனில் சொன்னதும் புது சென்சார் வாங்கி மாட்டுகிறார்கள். மறுநாள் அதே குறியீடு வருகிறது. அடுத்து கணினிப் பெட்டியையே மாற்றுகிறார்கள். கடைசியில், உரசித் தோல் போன ஒரு ஒயர் எஞ்சின் பிளாக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது தெரியவருகிறது. திரை முதல் நாளே சரியாகத்தான் சொன்னது. அதை யாரும் முழுதாகப் படிக்கவில்லை.

உயரத்தில் நிற்பவரின் எஞ்சின்

பூம் லிஃப்ட், சிசர் லிஃப்ட் என்று பல வகை இருந்தாலும் நம் ஊர் வேலைத்தளங்களில் எல்லாமே மேன்லிஃப்ட்தான். தொழிற்சாலைக் கூரை, மேம்பாலத்தின் அடிப்பக்கம், கப்பல் கட்டும் தளம் என்று சாரம் கட்டுவது கடினமான இடங்களிலெல்லாம் மனிதரைக் கூடையில் ஏற்றி உயர்த்தும் எந்திரம் இது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஜான் எல். குரோவ் 1969-ல் தொடங்கிய ஜே.எல்.ஜி. நிறுவனம், தன் முதல் பூம் லிஃப்டை 1970-ல் விற்றது. அந்தக் காலத்து எஞ்சினில் கணினி கிடையாது. ஆயில் அழுத்தம் குறைந்தால் ஒரு சுவிட்ச் விழும், ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான்.

இன்றைய டீசல் எஞ்சினில் எரிபொருள் எப்போது, எவ்வளவு பாய வேண்டும் என்பதை இ.சி.எம். எனப்படும் கணினி தீர்மானிக்கிறது. அது எஞ்சினைப் பாதுகாக்கவும் செய்யும். கூலண்ட் வெப்பம் எல்லை மீறினால் முதலில் எச்சரிக்கும், பிறகு எஞ்சினின் சக்தியைக் குறைக்கும், அதற்கும் மேலே போனால் எஞ்சினையே நிறுத்திவிடும். மண் அள்ளும் எந்திரம் நின்றால் வேலை நிற்கும். மேன்லிஃப்ட் நின்றால் 60 அடி உயரத்தில் ஒரு மனிதர் நிற்பார். அதற்காகவே பூம் லிஃப்ட்களில் பேட்டரியில் ஓடும் அவசர பம்ப் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் செத்தாலும் கூடையைக் கீழே இறக்க அது உதவும். எனவே எஞ்சின் குறியீட்டைச் சரியாகப் படிப்பது, இந்த எந்திரத்தைப் பொறுத்தவரை, ஓர் உயிரின் பாதுகாப்போடு சேர்ந்த வேலை.

இரண்டு எண்களின் இலக்கணம்

கார்களில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் குறியீடுகள் வரும். கனரக எந்திரங்கள் பெரும்பாலும் எஸ்.ஏ.இ. ஜே1939 என்ற வேறொரு தரத்தைப் பின்பற்றுகின்றன. லாரி, டிராக்டர், ஜெனரேட்டர், மேன்லிஃப்ட் எல்லாம் இதில் அடக்கம்.

இந்தத் தரத்தில் ஒரு பழுதுக் குறியீடு மொத்தம் 32 பிட். அதில் 19 பிட் எஸ்.பி.என்.-க்கு உரியது. எதில் கோளாறு என்பதை அது சொல்லும். 100 என்றால் ஆயில் அழுத்தம், 110 என்றால் கூலண்ட் வெப்பம், 168 என்றால் பேட்டரி மின்னழுத்தம், 190 என்றால் எஞ்சின் வேகம், 97 என்றால் டீசலில் தண்ணீர். அடுத்த 5 பிட் எஃப்.எம்.ஐ.-க்கு உரியது. என்ன மாதிரியான கோளாறு என்பதை அது சொல்லும். இன்னொரு 7 பிட், அந்தப் பழுது எத்தனை முறை வந்தது என்ற எண்ணிக்கையைச் சுமக்கிறது. பழுது நீடிக்கும்வரை கணினி இந்தச் செய்தியை நொடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப அறிவித்துக்கொண்டே இருக்கும்.

19 பிட்டில் 5,24,288 எண்கள் அடங்கும். அவற்றில் 5,20,192 முதல் கடைசிவரை உள்ளவை, எஞ்சின் தயாரிப்பாளர்கள் தங்கள் விருப்பப்படி பயன்படுத்த ஒதுக்கப்பட்டவை. பூம் லிஃப்ட்களில் அதிகம் காணப்படும் டாய்ட்ஸ் எஞ்சின்களில் 5,23,000-க்கு மேற்பட்ட எண்கள் பல வரும். பொதுவான பட்டியல் அங்கே உதவாது, அந்த எஞ்சினுக்கான கையேடுதான் வேண்டும்.

எஃப்.எம்.ஐ.-யில் இருப்பது 0 முதல் 31 வரை 32 எண்கள் மட்டுமே. இவற்றை நினைவில் வைப்பது கடினமில்லை. 0, 1, 15, 16, 17, 18 ஆகிய ஆறும் ஒரு குடும்பம். சென்சார் நம்பகமாகவே பேசுகிறது, அளவுதான் எல்லை மீறிவிட்டது என்பது இவற்றின் பொருள். 15 லேசான மிகுதி, 16 நடுத்தர மிகுதி, 0 கடுமையான மிகுதி. அதேபோல் 17, 18, 1 மூன்றும் குறைவின் படிகள். 3, 4, 5, 6 நான்கும் மின்சுற்றுக் குடும்பம். 3 வந்தால் மின்னழுத்தம் கூடுதல், 4 வந்தால் குறைவு, 5 வந்தால் மின்னோட்டம் குறைவு அல்லது சுற்று அறுந்தது, 6 வந்தால் மின்னோட்டம் கூடுதல் அல்லது எர்த்தில் ஷார்ட். 2 என்றால் அளவு தாறுமாறாக மாறுகிறது. லூஸ் காண்டாக்ட் இருக்கும்போது இந்த எண்ணை அடிக்கடி பார்க்கலாம். 7 என்றால் இயந்திரப் பாகம் சொன்னபடி அசையவில்லை. 9, 19 இரண்டும் கணினிகளுக்கு இடையிலான தகவல் தொடர்பு பற்றியவை.

அதனால் எஃப்.எம்.ஐ.-யை முதலில் படிப்பது நல்ல பழக்கம். ஸ்பேனரை எடுப்பதா, மல்டிமீட்டரை எடுப்பதா என்பதை அந்தச் சின்ன எண்தான் முடிவு செய்கிறது.

5 வோல்ட்டுக்குள் நடப்பது

ஒயர் அறுந்தால் மின்னழுத்தம் குறையத்தானே வேண்டும், ‘வோல்டேஜ் கூடுதல்’ என்று குறியீடு வருவது ஏன்? தொழில் கற்கும் இளைஞர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. கூலண்ட் வெப்ப சென்சாரைக் கிட்டத்தில் பார்த்தால் விடை கிடைக்கும்.

இந்த சென்சாருக்குள் இருப்பது, சூடு ஏற ஏறத் தன் மின்தடையைக் குறைத்துக்கொள்ளும் தெர்மிஸ்டர். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 டிகிரி செல்சியஸில் தடை சுமார் 2,500 ஓம். 80 டிகிரியில் அது சுமார் 300 ஓமாக இறங்கிவிடும். கணினி தன்னிடமுள்ள 5 வோல்ட்டை உள்ளேயிருக்கும் ஒரு மின்தடை வழியாக இந்த சென்சாருக்கு அனுப்பி, சிக்னல் ஒயரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்க்கிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் சென்சாரின் தடை அதிகம், வோல்ட்டும் அதிகம். சூடானால் தடை குறைவு, வோல்ட்டும் குறைவு. ஒயர் அறுந்துவிட்டால் மின்னோட்டம் பாய வழியில்லை, 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். எந்தக் குளிரிலும் அவ்வளவு உயரம் வராது என்பது கணினிக்குத் தெரியும். எனவே அது ‘110, 3’ என்று பதிவு செய்கிறது. சிக்னல் ஒயர் எர்த்தைத் தொட்டால் வோல்ட் பூஜ்யமாகும். எந்தச் சூட்டிலும் அது நடக்காது. அப்போது வருவது ‘110, 4’.

இதிலிருந்தே ஓர் அழகான சோதனை பிறக்கிறது. ‘110, 4’ நிற்கும்போது இரண்டு ஒயர் கொண்ட இந்த சென்சாரின் கப்ளரைக் கழற்றிவிடுங்கள். குறியீடு 3-ஆக மாறினால் ஒயரிங்கும் கணினியும் நலம், ஷார்ட் சென்சாருக்குள்தான் இருக்கிறது. கழற்றிய பிறகும் 4 அப்படியே நின்றால் சென்சார் மீது குற்றமில்லை, ஒயரைத் தேடிப் போக வேண்டும். இந்தச் சோதனைக்குப் பணம் செலவில்லை, ஒரு கப்ளரைக் கழற்றும் நேரம் போதும்.

ஆயில் பிரஷர் சென்சார் பெரும்பாலும் மூன்று ஒயர் வகை. ஒன்றில் 5 வோல்ட் போகும், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். அதன் வேலை எல்லை பொதுவாக 0.5 முதல் 4.5 வோல்ட்வரை. அழுத்தமே இல்லாதபோதும் அது அரை வோல்ட் காட்டும். அப்படி வடிவமைத்தவர்களின் நோக்கம் தெளிவானது: ‘அழுத்தம் இல்லை’ என்பதும் ‘சென்சார் பேசவில்லை’ என்பதும் வெவ்வேறாகத் தெரிய வேண்டும். எஃப்.எம்.ஐ. 1-க்கும் 4-க்கும் இடையிலான கோடு விழுவது இங்கேதான். எந்த எண் வந்தாலும் சந்தேகம் மிச்சமிருந்தால், சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் சாதாரண அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்க வேண்டும். அழுத்தம் இருக்கிறது என்று உறுதியாகும்வரை எஞ்சினை வேலைக்கு விடக்கூடாது.

ஒரே சமயத்தில் நான்கைந்து குறியீடு

சில நாள் திரையில் வரிசையாகக் குறியீடுகள் வந்து நிற்கும். ஆயில் அழுத்தம், டீசல் அழுத்தம், காற்று அழுத்தம் எல்லாமே எஃப்.எம்.ஐ. 4. ஒரே நாளில் மூன்று சென்சார்கள் சாகும் வாய்ப்பு மிகக் குறைவு. அவை மூன்றுக்கும் பொதுவானது எது என்று கேட்பதே அப்போது சரியான கேள்வி. கணினி தரும் 5 வோல்ட்டைப் பல சென்சார்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. தெருவுக்கே தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் ஒரு வீட்டு வாசலில் உடைந்தால் எல்லா வீட்டிலும் தண்ணீர் நின்றுபோகுமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. ஒரு சென்சாருக்குள் ஷார்ட் ஏற்பட்டால் 5 வோல்ட் முழுவதும் சரிந்துவிடும். 5 வோல்ட் ஒயரில் மீட்டரை வைத்துக்கொண்டு கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்ப எழுகிறதோ, குற்றவாளி அதுதான்.

பேட்டரியும் எர்த்தும் இதே போன்ற குழப்பத்தை உண்டாக்கும். ஸ்டார்ட் செய்யும்போது 12 வோல்ட் பேட்டரி 9 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் கணினி ஒரு கணம் மயங்கி எழும். அந்தக் கணத்தில் பொய்யான குறியீடுகள் பல பதிவாகலாம். ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளைக் கழற்றித் துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலை இருக்கிறது. சுமையின்றி ஓம் அளவில் பார்த்தால், ஒரே ஒரு செம்பு இழை மிஞ்சியிருந்தாலும் ஒயர் நன்றாக இருப்பதாகவே தெரியும். சுமை ஏறும்போதுதான் அதன் பலவீனம் வெளிப்படும்.

60 ஓம் என்ற சாட்சி

மேன்லிஃப்டில் இருப்பது ஒரே கணினி அல்ல. எஞ்சினுக்கு ஒன்று, தரைக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒன்று, கூடையில் ஒன்று என்று பல உண்டு. பாஷ் நிறுவனம் 1986-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் அறிமுகப்படுத்திய கேன் என்ற முறைப்படி, முறுக்கிய இரண்டே ஒயர்களில் இவை ஒன்றோடொன்று பேசுகின்றன. ஜே1939 இந்த முறையின் மேல் அமைந்தது. அதன் வழக்கமான வேகம் நொடிக்கு 2,50,000 பிட்.

இந்த இரட்டை ஒயரின் இரு நுனிகளிலும் தலா ஒரு 120 ஓம் மின்தடை இருக்கும். சிக்னல் நுனியில் மோதி எதிரொலிக்காமல் தடுப்பது அதன் வேலை. இரண்டும் இணையாக நிற்பதால், பேட்டரியைத் துண்டித்துவிட்டு இரு ஒயருக்கும் இடையே அளந்தால் மீட்டர் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு நுனித் தடை காணாமல் போயிருக்கிறது அல்லது ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை நெருங்கினால் இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. எஸ்.பி.என். 639 வந்தாலோ, 9, 19 ஆகிய எஃப்.எம்.ஐ.-கள் வந்தாலோ முதலில் செய்ய வேண்டிய அளவீடு இதுதான்.

மேன்லிஃப்டில் ஒயர் அறுவதற்கென்றே சில இடங்கள் உண்டு. பூம் நீண்டு மடங்கும் ஒவ்வொரு முறையும் கூடைக்குப் போகும் கேபிள் வளைந்து நிமிர்கிறது. பல மாடல்களில் எஞ்சினை வெளியே இழுத்துப் பார்க்க வசதியாக அதன் தட்டு திறந்து விரியும். அங்கே ஒயர்க்கட்டு நசுங்கவும் உரசவும் வாய்ப்பு அதிகம். எந்திரத்தைப் பிரஷர் வாட்டரால் கழுவும்போது கப்ளருக்குள் தண்ணீர் புகுந்து, சில வாரங்களில் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். எஞ்சினை ஓடவிட்டு, திரையில் அளவுகளைப் பார்த்தபடியே, சுழலும் பாகங்களிலிருந்து கையை விலக்கி ஒயர்க்கட்டை மெல்ல அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் அசைக்கும்போது எண் துள்ளுகிறதோ, பழுது அங்கேதான்.

எஞ்சின் நிற்கிறதா, நிறுத்தப்படுகிறதா?

ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் எல்லாம் பழுதான எஞ்சின் அல்ல. லிஃப்டின் கட்டுப்பாட்டுக் கணினி பாதுகாப்பு கருதி எஞ்சினுக்கு அனுமதி மறுக்கலாம். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் அழுத்தியபடியே இருக்கலாம். சாவி ‘தரை’ என்ற நிலையில் இருக்கும்போது கூடையிலிருந்து எவ்வளவு முயன்றாலும் பயனில்லை. சில மாடல்களில் ஃபுட் சுவிட்சை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் கிளம்பாது. இந்த வகைத் தடைகளை லிஃப்ட் தயாரிப்பாளர் தன் சொந்தக் குறியீட்டில் காட்டுவார். ஜே.எல்.ஜி. எந்திரங்களில் அனலைசர் என்ற கைக்கருவியை மாட்டி அதைப் படிக்கலாம். பழைய மாடல்களில் விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ண வேண்டியிருக்கும். எனவே கையேடும் இரண்டு வேண்டும்: லிஃப்டுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று.

புகை வடிகட்டி உள்ள எஞ்சின்களில் இன்னொரு குறியீட்டுக் குடும்பம் சேர்ந்துகொள்கிறது. எஸ்.பி.என். 3719 வடிகட்டியில் சேர்ந்த கரியின் அளவைச் சொல்வது. மேன்லிஃப்ட் எஞ்சின் நாளின் பெரும்பகுதி சுமையின்றி மெதுவாக ஓடும். புகைக்குழாய் போதிய சூடு ஏறாததால் கரி எரியாமல் படிந்துகொண்டே போகும். எஃப்.எம்.ஐ. 15 வரும்போதே எந்திரத்தைத் திறந்த வெளியில், காய்ந்த புல்லோ அட்டையோ அருகில் இல்லாத இடத்தில் நிறுத்தி, கரியை எரிக்கும் ரீஜெனரேஷனைச் செய்துவிட வேண்டும். அப்போது வடிகட்டிக்குள் வெப்பம் சுமார் 600 டிகிரியைத் தொடும். 15-ஐ அலட்சியப்படுத்தினால் 16 வரும், எஞ்சினின் சக்தி குறையும். 0 வந்துவிட்டால் வடிகட்டியைக் கழற்ற வேண்டிய நிலைகூட வரலாம். முதல் எச்சரிக்கையிலேயே அரை மணி நேர வேலையில் முடிந்திருக்க வேண்டியது, பெரிய செலவில் வந்து நிற்கும்.

அழிப்பதற்கு முன் எழுதுங்கள்

பழுது பார்ப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பூமை முழுதாக இறக்கி மடக்கி, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். தூக்கி நிற்கும் பூமுக்குக் கீழே நின்று ஒயர் பார்ப்பது தற்கொலைக்குச் சமம். அடுத்து, எல்லாக் குறியீடுகளையும் எண்ணிக்கையோடு எழுதிக்கொள்ள வேண்டும். இப்போது நிற்பவை எவை, முன்பு வந்து போனவை எவை என்று பிரிக்க வேண்டும். 40 முறை வந்து போன குறியீடும் ஒரே ஒரு முறை வந்த குறியீடும் ஒரே எடை கொண்டவை அல்ல. எழுதாமல் அழித்துவிட்டால் தடயமும் சேர்ந்து அழிந்துவிடும். பிறகு கண்ணால் பார்ப்பது, அதன்பின் அளப்பது, கடைசியில்தான் பாகம் மாற்றுவது. மாற்றியதும் குறியீட்டை அழித்து, எந்தச் சுமையில், எந்தச் சூட்டில் பழுது வந்ததோ அதே நிலையில் ஓட்டிப் பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

டீசல் குழாய்களில் இன்னொரு எச்சரிக்கை. காமன் ரெயில் எஞ்சினில் டீசலின் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனை அளவுத் துளையிலிருந்து வரும் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மேன்லிஃப்ட் பெரும்பாலும் வாடகைக்கு வரும் எந்திரம். நின்றால் வாடகை ஓடும், ஒப்பந்ததாரர் பதறுவார், ‘எப்படியாவது ஓட்டிக் கொடு’ என்ற குரல் மெக்கானிக்கின் காதில் விழுந்துகொண்டே இருக்கும். சென்சார் ஒயரை வெட்டி முறுக்கி எச்சரிக்கையை அடக்கும் தவறு நடப்பது அந்த அவசரத்தில்தான். அப்படிக் கிளம்பும் எந்திரத்தின் கூடையில் ஏறுபவருக்கு அது தெரியாது. எச்சரிக்கையை அடக்கிய எந்திரத்தை வேலைக்கு விடும் உரிமை உரிமையாளர், ஒப்பந்ததாரர், மெக்கானிக் யாருக்கும் கிடையாது.

எந்திரத்தின் உரிமையாளர்கள் தங்கள் மெக்கானிக்குக்கு நல்ல மல்டிமீட்டர் ஒன்றும், அந்த மாடலுக்கான இரண்டு கையேடுகளும் வாங்கிக் கொடுக்க வேண்டும். தேவையில்லாமல் மாற்றும் ஒரு கணினிப் பெட்டியின் விலையில் இவை அனைத்தும் அடங்கிவிடும். ஆபரேட்டர்கள் பழுதைச் சொல்லும்போது ‘ஏதோ கோட் காட்டுது’ என்று நிறுத்தாமல், இரண்டு எண்களையும் படித்துச் சொல்லுங்கள். முடிந்தால் திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். பாதிப் பழுது அந்தப் படத்திலேயே பிடிபட்டுவிடும்.